முதலில் இறங்கியவள்

அருவியின் உச்சியில், தலையில் ஹெல்மெட்டும் இடுப்பில் பாதுகாப்பு வாருமாக மூன்று சிநேகிதிகள் நின்றார்கள். இங்கிருந்து கயிற்றில் இறங்கி, ஓடை வழியாகவே பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டும்.

“ஐயோ, என்னால முடியாதுடி!” நர்ஸ் பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அடுத்தவங்களுக்கு ஊசி குத்துறப்ப மட்டும் வீரம்!” என்ற டெய்லரும் இரண்டடி பின்வாங்கினாள். “டீச்சர், நீ முதல்ல போயேன். ஸ்கூல் மதில் ஏறிக் குதிச்சப்பவும் நீதானே முதல்ல?”

டீச்சர் தயங்கினாள். கணவர் இறந்த பிறகு அவள் வெளியே வந்ததே இன்றுதான். வாரைச் சும்மா மாட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தால் போதும் என்றுதான் இழுத்து வந்திருந்தார்கள்.

“நீ போகலைன்னா நாங்களும் போகல. திரும்பிடலாம்” என்று நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள்.

“அழுது தொலையாதீங்கடி. போறேன்.”

கால் வழுக்கியது. தண்ணீர் முகத்தில் அறைந்தது. பாதி வழியில் வாய்விட்டுக் கத்தினாள். அந்தக் கத்தலே சிரிப்பாக மாறியது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

கீழே கயிற்றைப் பிடித்திருந்த வழிகாட்டி, “அசத்திட்டீங்கக்கா! போன வாரம் உங்க சிநேகிதிங்ககூட இவ்வளவு வேகமா இறங்கல” என்றான்.

“போன வாரமா?”

“ஆமாக்கா. ‘எங்க டீச்சரைக் கூட்டிட்டு வரணும், பத்திரமா இருக்குமா’ன்னு பார்க்கவே வந்து இறங்கினாங்க.”

மேலே நர்ஸ் கயிற்றில் தொங்கியபடி அலறிக்கொண்டிருந்தாள். கால்கள் மட்டும் சரியான இடம் பார்த்துப் பாறையில் ஊன்றிக்கொண்டிருந்தன.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“பயப்படாம வாடி. நான் இருக்கேன்ல!”