உருவாத தகடு

மெல்பர்ன், 1944. ராணுவப் புகைப்பட அலுவலகத்தில், மெர்வ் டிரெகென்சாவின் மேஜை முன் திருமதி பாஸ்கோ நின்றார்.

"நியூகினி ஆஸ்பத்திரியில ஜெனரல் என் பையன் லைல் கையைக் குலுக்கினாராம். படம் எடுத்தது நீங்கதான்னு வாசல்ல சொன்னாங்க. போன மாசம் அவன் போயிட்டான் தம்பி. சீருடையில அவனுக்கு வேற படமே இல்ல."

மெர்வ் குனிந்து பெட்டிகளைத் துழாவினார்.

"அந்தப் படம் கப்பல்ல நனைஞ்சு வீணாயிடுச்சும்மா. லைல் நல்லாச் சிரிச்சான், ஞாபகமிருக்கு."

"அப்போ நிஜமாவே எடுத்தீங்களா!" அவர் முகம் மலர்ந்தது. "அவன்தான் தப்பா எழுதிட்டான், பாருங்க."

அவர் நீட்டிய லைலின் கடிதத்தை மெர்வ் வாசித்தார்.

'அம்மா, பிலிமை மூடியிருக்கும் கறுப்புத் தகட்டை உருவினால்தான் படம் பதியும். படம் எடுத்தவர் அதை உருவவே இல்லை, பல்பை மட்டும் பளிச்சிட வைத்தார். ஸ்டூடியோவில் வேலை பார்த்தவனுக்குத் தெரியாதா? ஜெனரலுக்கே பிலிம் போதாதபோது வார்டிலிருந்த எங்கள் இருபது பேருக்கு அவர் எங்கே போவார்? எல்லோரும் ஆசையாகச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவரிடம் போய்ப் படம் கேட்காதே. பாவம், பொய் சொல்ல வேண்டிவரும்.'

மெர்வ் கடிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தார்.

திருமதி பாஸ்கோ கையை நீட்டினார்.

"அந்த நனைஞ்ச படத்தையே குடுங்க தம்பி. முகம் தெரியலைன்னாலும் பரவாயில்ல."