பத்தில் ஒரு செல்

கோடு தரையைத் தொடவில்லை.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். திரையில் அது உயரத்திலிருந்து சரிந்து, இறங்கி, தரைக்கு ஒரு முடி தூரத்தில் தயங்கி, அப்படியே படுத்தவாக்கில் போய்க்கொண்டிருந்தது.

அவர் தொண்டைக் கட்டிக்கு ஆஸ்பத்திரியில் முப்பத்து மூன்று நாள் கரண்ட் வைத்து முடித்தாயிற்று. எவ்வளவு கதிர், எத்தனை நாள் என்று கணக்குப் போட்டவள் மெஹருன்னிசா. அந்தக் கணக்கைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். காட்டினாள்.

கட்டியில் நூறு கோடி செல். முதல் நாள் பாதி சாகும். மறுநாள் மிச்சத்தில் பாதி. அதற்கு மறுநாள் அதில் பாதி.

எப்போது தீரும் என்று கேட்டார்.

கணக்கில் தீராது ஐயா என்றாள். இப்போது மிச்சம் பத்தில் ஒரு செல்.

ஒரு செல்லைப் பத்தாக நறுக்கினால் அது எப்படி உயிரோடிருக்கும்? அவர் அவளையே பார்த்தார்.

அப்படியில்லை, உங்களைப் போலப் பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேர் உடம்பில் ஒன்றும் இருக்காது, ஒருத்தர் உடம்பில் ஒன்று இருக்கலாம், அவ்வளவுதான் என்றாள்.

"அந்தப் பத்துல நான் எத்தனாவது ஆளும்மா?"

அவள் திரையைப் பார்த்தாள். அதற்குப் பதில் அதில் இல்லை.

அவருக்கு இந்த வேலை தெரியும். முப்பத்தொரு வருஷம் நெல் கிடங்கில் வண்டுக்குப் புகை போட்டவர். மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, ஓரமெல்லாம் மணல் பை அடுக்கி, உள்ளே மருந்து மாத்திரை வைத்து ஏழு நாள். எட்டாம் நாள் பாயைத் தூக்கினால் வண்டுப் பிணத்தை முறத்தால் அள்ளலாம். அந்தப் பிணங்களுக்கு நடுவிலிருந்து ஒரே ஒரு வண்டு எழுந்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடையைக் கட்டும்.

ஒவ்வொரு வருஷமும் ஒன்று. எல்லா வருஷமும் அதே வண்டுதானோ என்றுகூட அவருக்குச் சந்தேகம் உண்டு.

அந்நேரம் பார்த்துத்தான் அதிகாரி உள்ளே வருவார். இவர் வண்டின் மேல் செருப்பை வைத்துக்கொண்டு நிற்பார். அழுத்தமாட்டார்; அழுத்தினால் சத்தம் கேட்கும்.

"ஒண்ணுமில்ல சார். சுத்தமாப் போயிருச்சு."

மூன்றாம் மாதம் கிடங்கு முழுக்க வண்டு.

கதவைத் திறந்துகொண்டு பெரிய டாக்டர் வந்தார். திரையிலிருந்த கோட்டைப் பார்த்தார். மெஹருன்னிசாவைப் பார்த்தார். பிறகு இவர் தோளில் தட்டினார்.

"ஒண்ணுமில்ல பெரியவரே. சுத்தமாப் போயிருச்சு. மூணு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க."

அவர் கைகூப்பினார்.

கூப்பிய கையோடு மெல்லக் குனிந்து, டாக்டரின் வலது ஷூவைப் பார்த்தார்.

அது அசையவில்லை.