நண்டுத் தலைவிக்குப் பொன்னாடை

ஏரியில் தண்ணீர் மளமளவென்று குறையவே, கரையில் வளை தோண்டிக் குடியிருந்த நண்டுகள் கூட்டம் போட்டன. "இனிமே இளசுங்கதான் வழிகாட்டணும்" என்று சொல்லி, செவ்வி என்ற இளம் நண்டைத் தலைவியாக்கின.

"தண்ணி கசியிறதே நம்ம வளை வழியாத்தான். எல்லாரும் வளையை அடைச்சிட்டுப் பாறை இடுக்குக்குப் போயிடுவோம்" என்றாள் செவ்வி.

கொடுக்குகளைத் தட்டி ஒரே ஆரவாரம்! தாமரை இலையைப் பொன்னாடையாகப் போர்த்தினார்கள். அது அவளையே மூடிவிட்டது. அதிலிருந்து அவள் தட்டுத்தடுமாறி வெளியே வருவதற்குள், எல்லோரும் அவரவர் வளைக்குள் போய்விட்டார்கள்.

செவ்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்தால், அப்பா உள்ளே வளையை இன்னும் அகலமாகத் தோண்டிக்கொண்டிருந்தார்.

"தலைவி வீடாச்சேம்மா! நாலு பேர் வந்து போவாங்க இல்ல?"

செவ்வி விறுவிறுவென்று வெளியே போனாள். ஏரியில் இறங்கி, இரண்டு கொடுக்கிலும் களிமண்ணை அள்ளி வந்து, வாசலில் பூச ஆரம்பித்தாள்.

"ஏய், உள்ள நான் இருக்கேன்டி!"

"தெரியும்ப்பா. அதான் மெதுவாப் பூசறேன்."