பதினோரு சாவு

மரத்து உச்சியிலிருந்து பிடுங்கிய நட்சத்திரம் தொண்டையில் செருகியதும், கிறிஸ்துமஸ் தாத்தா ஒருமுறை அலறிவிட்டுச் செத்தார்.

“சாவுல உயிரே இல்லையேண்ணே. இன்னொரு தடவ சாவுங்க” என்றார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சவுண்ட் இன்ஜினியர்.

மைக்கின் முன் நின்றவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் செத்தார்.

படத்தில் பதினோரு பேர் தாத்தா வேஷத்தில் ஒரு பெரிய கடையைக் கொள்ளையடிக்க வருகிறார்கள். அத்தனை பேரையும் கதாநாயகன் அங்கே தொங்கும் அலங்காரச் சாமான்களைக் கொண்டே தீர்த்துக்கட்டுகிறான். எல்லோருக்கும் வெள்ளைத் தாடி; உதட்டசைவு தெரியாது. அதனால் பதினோரு பேருக்கும் ஒரே குரல் போதும் என்று முடிவாகியிருந்தது.

அந்த ஒரே குரலுக்கு ஸ்டுடியோவில் ‘கும்பல்’ என்று பெயர். கதாநாயகனின் மனைவிக்குக் குரல் கொடுத்தது கும்பலின் மனைவி.

“மூணரைக்கு நான் கிளம்பணும் தம்பி.”

“வேற ஸ்டுடியோவுல ஒத்துக்கிட்டீங்களாக்கும். இங்க இப்பதான் அஞ்சு பேர் போயிருக்காங்க” என்றார் இன்ஜினியர். “அது கிடக்கட்டும், அண்ணி எங்க? கடைசி ரீல்ல அவங்க ஒரு வரி பாக்கி. போன வாரம் இருமல்னு பாதியில எழுந்து போனவங்கதான்.”

“அத நான் பாத்துக்கறேன்.”

“என்னத்தப் பாப்பீங்க? இன்னிக்கு அது முடியலன்னா மொத்தத்தையும் வேற பொண்ண வச்சு மாத்தச் சொல்லிட்டாரு முதலாளி. ஒருத்திக்கு ரெண்டு குரல் இருக்க முடியாதுல்ல.”

“மாத்த வேண்டியிருக்காது. மொதல்ல என் ஆளுங்கள முடிப்போம்.”

ஆறாவது தாத்தாவைச் சீரியல் பல்புச் சரத்தில் சுற்றி ஸ்விட்சைப் போட்டான் கதாநாயகன். கும்பல் உடம்பை உதறிக்கொண்டு துடித்தார்.

“கட், கட்! ஏதோ கிணுகிணுன்னு கேக்குது. பாக்கெட்ல என்னண்ணே?”

கும்பல் சட்டைப் பையிலிருந்து இரண்டு கண்ணாடி வளையல்களை எடுத்தார். மைக் முன்னால் போகுமுன் அவர் மனைவி அவற்றைக் கழற்றி அவரிடம் கொடுப்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான்.

“போன வாரம் கழட்டினது இன்னுமா உங்ககிட்டயே இருக்கு? நல்ல புருஷன் போங்க!”

“நேத்துதான் கைக்கு வந்துச்சு” என்று சொல்லி, அவற்றைக் கைக்குட்டையில் சுற்றி நாற்காலிமேல் வைத்தார்.

எட்டாவது தாத்தா சாகும் இடத்தில் கதாநாயகி, “பின்னாடி பாருங்க!” என்று கத்தினாள். கும்பல் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார்.

“அவ குரலக் கொஞ்சம் கூட்டி வை தம்பி.”

“ஏன், வீட்ல கேக்கறது பத்தலையா?” இன்ஜினியர் சிரித்துக்கொண்டே கூட்டி வைத்தார்.

பதினோராவது தாத்தாவின் மேல் அலங்கார மரமே சாய்ந்தது. இந்த முறை கும்பல் கத்தவில்லை. மூச்சை மெல்ல உள்ளே இழுத்தார், அவ்வளவுதான்.

“என்னண்ணே, சத்தத்தையே காணோம்?”

“சாகறவங்க கத்தமாட்டாங்க தம்பி. ஒரு தடவ உள்ள இழுப்பாங்க. வெளிய விட மறந்துடுவாங்க.”

“அடேயப்பா, அனுபவம் பேசுது! இந்த ஸ்டுடியோவுல மட்டும் எத்தன தடவ செத்திருப்பீங்க?” இன்ஜினியர் அந்த டேக்கையே வைத்துக்கொண்டார்.

மணி மூன்றே கால். கும்பல் கண்ணாடி அறைக்குள் வந்து இன்ஜினியரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கடைசி ரீல்ல அவ சொல்லவேண்டியது ‘பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்’. அதுதான?”

“ஆமா.”

“ரெண்டாவது ரீல்ல, மேஜைக்கு அடியில ஒளிஞ்சுகிட்டு போன்ல இதையேதான் சொல்றா. அத எடுத்து இங்க போடு.”

“அது கிசுகிசுன்னு பேசினதுண்ணே. இங்க ரோட்டுல, பனி கொட்டிட்டிருக்கு. ஒட்டாது.”

“போட்டுப் பாரேன்.”

இன்ஜினியர் அலுத்துக்கொண்டே தேடி எடுத்து ஒட்டினார். பதினோரு பிணங்களைத் தாண்டி, ரத்தம் சொட்ட நொண்டி வருகிறான் கதாநாயகன். கொட்டும் பனியில் அவள் அவன் காதோரம் குனிந்து, “பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்” என்றாள்.



“கத்தியிருந்தாகூட இப்படி வந்திருக்காதுண்ணே” என்றார் இன்ஜினியர்.

“இன்னொரு தடவ போடு.”

போட்டார். கும்பல் திரையைப் பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சேவ் பண்ணிட்டியா?”

“ஆச்சு.”

“முதலாளிக்கு?”

“அனுப்பியாச்சு. இனிமே மாத்தமாட்டாரு, போதுமா?”

கும்பல் எழுந்துபோய்க் கைக்குட்டையை எடுத்தார். வளையல்கள் சத்தம் போடாதபடி அதை இன்னொரு சுற்றுச் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

“இருந்தாலும் எனக்கு மனசு ஆறலண்ணே” என்றார் இன்ஜினியர். “மிக்ஸிங் ஆறு மணிக்குத்தான். வீட்டுக்குப் போனதும் அண்ணிய ஒரு அஞ்சு நிமிஷம் கூட்டிட்டு வாங்களேன். புதுசாவே பேசிட்டுப் போகட்டும்.”

கும்பல் கதவைத் திறந்தபடி திரும்பினார்.

“ஆஸ்பத்திரியில நாலு மணிக்குத்தான் தம்பி அவளக் குடுப்பாங்க.”