கேப் எடுத்த வருடம்

அம்மாவின் வலது உள்ளங்கையில் ரப்பர் பந்தை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள் மகள்.

அவள் கையை எடுத்ததுமே விரல்கள் தளர்ந்துவிட்டன.

மணி பதினொன்று பத்து. பன்னிரண்டுக்குள் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போன் செய்து, வருகிறாளா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். போன வருடம் நிலவியல் படிக்கக் கிடைத்த இடத்தை ஒரு வருடம் பிடித்துவைத்திருந்தார்கள். அதற்கு மேல் ஒரு நாள்கூட முடியாது என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

வகுப்பு தொடங்க ஒன்பது நாள் இருக்கும்போது அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போனது. அப்பா இல்லாத வீடு. மகள் படிப்பைத் தள்ளிப்போட்டாள்.

அதற்குக் 'கேப் இயர்' என்று பெயர் வைத்தவர் மாமாதான். படிப்புக்கு முன்னால் ஒரு வருடம் விட்டால் என்னென்ன நன்மை என்று வீடியோ வேறு அனுப்பினார். பொறுப்பு வருமாம். தன்னம்பிக்கை வளருமாம். உலகம் புரியுமாம். அனுப்பிய மனிதர் ஒரு நாள் வந்து அம்மா பக்கத்தில் உட்காரவில்லை என்பது வேறு விஷயம்.

அவர் சொன்னதும் பொய்யில்லை. ஆளை எழுப்பாமலே படுக்கை விரிப்பை மாற்ற அவள் கற்றுக்கொண்டாள். முதுகுத் தோல் லேசாகச் சிவக்கும்போதே, இங்கேதான் புண் வரப்போகிறது என்று கண்டுபிடித்தாள். உலகம் எட்டுக்குப் பத்து அறை என்பதும் நன்றாகவே புரிந்தது.

இப்போது அம்மாவுக்குக் கால் தேறிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். பாக்கி கை மட்டும்தான்.

கை வந்துவிட்டால் தானே வந்து பார்த்துக்கொள்வதாகப் பெரியம்மா சொல்லியிருந்தாள். ஊட்டிவிட்டு, உடை மாற்றிவிட அவளுக்கும் தெம்பில்லை. பெரியம்மா பேச்சை எடுத்தாலே அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். பயிற்சி கொடுக்க வருகிறவரோ, இந்நேரம் கை பிடித்திருக்க வேண்டுமே என்று மூன்று மாதமாகத் தலையைச் சொறிகிறார்.

மகள் பந்தை மறுபடி சரியாக வைத்தாள்.

“ஒரே ஒரு தடவைம்மா. லேசா அமுக்கினா போதும், நான் கிளம்பிடுவேன்.”

அம்மா பந்தையே பார்த்தாள். முகம் சிவந்தது, நெற்றி வேர்த்தது. பாவம், என்ன பாடுபடுகிறாள் என்று மகள் கையால் அந்த வேர்வையைத் துடைத்துவிட்டாள்.

விரல்கள் அசையவில்லை.

பதினொன்று ஐம்பதுக்குக் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து போன் செய்தாள்.

“நான் வரலைங்க. அந்த இடத்தை வேற யாருக்காவது கொடுத்துடுங்க.”

எதிர்முனையில் ஒரு பெண் விண்ணப்ப எண்ணைச் சரிபார்த்து, நன்றி சொல்லி வைத்துவிட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து பாறை, மண், மலை என்று பிதற்றிக்கொண்டிருந்தவள் இந்த மகள். அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம்தான். அதை அவளே நம்பவில்லை.

அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. தன்னால் பிள்ளையின் படிப்பு போயிற்றே என்று அழுகிறாள் என மகள் நினைத்தாள். தானும் அழுதுவிடுவோமோ என்று பயந்து, துண்டு எடுத்து வருகிற சாக்கில் எழுந்து போனாள்.

கொடியில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு திரும்பி வந்தவள், அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். வலது கையைத் தூக்கி, புறங்கையால் இரண்டு கண்களையும் துடைத்துக்கொண்டிருந்தாள். பந்து அந்தக் கைக்குள்ளேயே இறுக்கமாக இருந்தது.

மகளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

சத்தம் போடாமல் நாலு அடி பின்னால் போனாள். பிறகு இரண்டு முறை உரக்க இருமிவிட்டு, மெதுவாக நடந்து வந்தாள்.

அறைக்குள் நுழைந்தபோது அம்மாவின் வலது கை மெத்தைமேல் விரிந்து கிடந்தது.