பலகைச் சுவர்

"வா, வா. மெதுவா உள்ளே வா. என்ன அவசரம்? மத்தியானம் வரைக்கும் இங்கேதானே இருக்கப்போற?"

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் விச்சியன் குழைவதைக் கேட்டு, பக்கத்து வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த சம்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராச்சபுரியின் அந்தச் சந்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே அந்த ஒரு சுவர்தான். பேச்சு தாராளமாக வரும்.

அவள் புருஷனை இழந்தவள், அவர் மனைவியை இழந்தவர். போன கோடை வரை சாயங்காலச் சாப்பாடு அவள் வீட்டு வாசலில் இருவருக்கும் சேர்த்துத்தான். மழை பிடித்ததிலிருந்து மனிதர் வருவதில்லை. அவள் கொடுத்த கருவாட்டைக்கூட, "வேண்டாம், உப்பு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அதற்குப் பதிலாக யாரோ ஒருத்தி வருகிறாள். "போறப்ப அழுக்கெல்லாம் எடுத்துக்கிட்டுப் போ, நல்லத விட்டுட்டுப் போ" என்று அவளுக்கு உபதேசம் வேறு. விருந்தாளிக்காக ஜன்னலைச் சாத்தி, இந்தப் புழுக்கத்தில் மின்விசிறியையும் நிறுத்துகிற ஆண்பிள்ளையை சம்லி எங்குமே பார்த்ததில்லை.

"சோன்புரிக்குப் பொண்ணு வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன்" என்று போன வாரம் அவரிடம் சொல்லிப் பார்த்தாள். "இரு" என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். "நல்லதாப் போச்சு, போயிட்டு வா" என்றார். அன்று ராத்திரி முழுக்க அழுதாள்.

மடித்த துணிகளைப் பையில் அடுக்கி முடித்தபோது மத்தியானம்; அவளைச் சோன்புரிக்குக் கூட்டிப்போக வேன் வந்து ஹாரன் அடித்தது. அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் மின்விசிறி நின்றது. போகிற போக்கில் அந்தச் சிறுக்கியின் முகத்தையாவது பார்த்துவிடலாம் என்று, பையும் கையுமாகப் போய் விச்சியனின் கதவைத் தள்ளினாள்.

உள்ளே அவர் மட்டும்தான். முகத்தில் மாஸ்க். கழுவிய கைகளை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். கம்பியில் ஒரு தண்ணீர்ப் பை தொங்கியது. அவர் சட்டைக்கு அடியிலிருந்து ஒரு குழாய் எட்டிப் பார்த்தது.

"அங்கேயே நில்லு! கிட்ட வராத!"

"எங்கே அவ?"

"எவ?"

"வா வான்னு தினமும் கொஞ்சுறீங்களே, பெரிய மனுஷா, அவ!"

விச்சியன் தாடையால் பையைக் காட்டினார். "இவதான். கிட்னி ரெண்டும் படுத்துடுச்சு, சம்லி. இந்தச் சர்க்கரைத் தண்ணிய வயித்துக்குள்ள விட்டா, அங்க இருக்கிற மெல்லிசு சவ்வு வழியா ரத்தத்தோட அழுக்கும் வேண்டாத தண்ணியும் இதுல இறங்கிடும். ரத்தம் அந்தப் பக்கமே நின்னுக்கும். அப்புறம் இதை வெளியே எடுத்துடணும்."

"தண்ணிகிட்டயா இத்தனை பேச்சு?"

"வேற யாரு வர்றா இந்த வீட்டுக்கு?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா, பொண்ணு வீட்டுக்குப் போகாம எம் பக்கத்துலயே உக்காந்துடுவ."

வேன் மறுபடியும் ஹாரன் அடித்தது. சம்லி நகரவில்லை.

"தூசி வருது. இந்தக் கையால நான் எதையும் தொடக்கூடாது. கதவைச் சாத்து."

அவ்வளவுதான் என்று நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெளியே இறங்கி, கதவை இழுத்தாள்.

மாஸ்க்குக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சம்லி... உள்ளே வந்து சாத்து."