படுத்து ஓடிய மோட்டார்

தகரக் கூரையில் பதுளை மழை தட்டிக்கொண்டிருக்கிறது. பட்டறை மேசையின் அடியில் மோட்டாரைச் செங்குத்தாக நிறுத்தித் திருகாணிகளை முடுக்கிவிட்டு எழுகிறேன். பலகைத் துளை வழியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் வெட்டுக்கத்தி மின்னுகிறது. கோயில் கதவுச் சட்டங்களுக்கு இதில்தான் பூவேலை ஓரம் எடுக்கவேண்டும். கறிக்கடை வாசலைத் தாண்டும்போது துண்டால் மூக்கைப் பொத்துகிற எங்கள் முதலாளி நல்லபெருமாள், தோட்டத்துத் துரைமாருக்குக் கொத்துக்கறி அரைத்து இப்போது மூடிப்போன ஒரு கறிக்கடையிலிருந்து இந்த மோட்டாரை மலிவாகப் பிடித்து வந்திருக்கிறார். அழுக்கின் மேலேயே பச்சைப் பெயிண்ட். அதன்மேல் மூன்று கோடு விபூதி. "கழட்டித் தொடச்சிட்டு மாட்டலாங்க மொதலாளி. இத்தன நாளும் இது படுத்துக்கிட்டு ஓடுனது. இப்ப நிக்குது. உள்ள இருக்கிறதெல்லாம் கீழ எறங்குங்க" என்கிறேன். "நல்ல நேரம் போகுது ஆசாரி, சுவிச்சப் போடு" என்கிறார்.

போடுகிறேன். மோட்டார் சூடேற ஏற, ஊசிப்போன கொழுப்பின் நாற்றம் கிளம்பி என் தொண்டையில் படிகிறது. முதலாளி மேசைக்கடியில் குனிந்து மோட்டாருக்குக் கற்பூரம் காட்டுகிறார். அடிமூடியிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு, மயிரோடு சேர்ந்து, நேரே தட்டில் விழுகிறது. சுர்ரென்று நெருப்பு எழும்புகிறது. பட்டறை முழுக்க இறைச்சி கருகும் வாடை. "பாத்தியா, ஜோதி எப்பிடி எழும்புதுன்னு!" தட்டைத் தரையில் வைத்து, இரண்டு கையாலும் அதை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். பிறகு தட்டை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்.

"ம், ஒத்திக்க ஆசாரி."